உருக்கும் முன் உற்றுப் பாருங்கள்!

விழிஞ்ஞம் என்ற பெயர் இப்போது பத்திரிகைகளில் அடிக்கடி அடிபடுகிறது. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, கோவளத்தை அடுத்து இருக்கும் இந்த மீனவர் ஊரில் கட்டப்பட்ட புதிய துறைமுகம், 2025-ம் ஆண்டு மே 2-ந் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் இது பெரிய துறைமுகம்தான். சேர, சோழ, பாண்டியர் மூவரும் இந்தக் கடற்கரைக்காகப் போரிட்டார்கள். அந்தப் போட்டியின் சுவடு இன்றைக்கும் வெள்ளிக் காசில் இருக்கிறது.

வெள்ளிக் காசு என்றதும் பணக்காரர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம். பிழைப்புக்காக எல்லை தாண்டி வந்து, வாடகை அறையில் தங்கியிருக்கும் தொழிலாளியின் டிரங்குப் பெட்டியிலும் ஒன்றிரண்டு வெள்ளிக் காசு இருக்கக் கூடும். பாட்டி முடிந்து வைத்த ராணி காசாக இருக்கலாம். கல்யாணத்தில் மொய்யாக வந்ததாக இருக்கலாம். அலுவலக நண்பர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த நினைவு நாணயமாகவும் இருக்கலாம்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும். புத்தகம், சீருடை, கட்டணம் என்று செலவு வரிசை கட்டி நிற்கும். அப்போது அந்தக் காசு நகைக் கடைக்குப் போகும். கடைக்காரர் தராசில் போடுவார், உரைகல்லில் உரசுவார், அன்றைய வெள்ளி விலையில் கழிவு போக மீதியை எண்ணிக் கொடுப்பார். அவர் மீது குற்றம் இல்லை. அவர் வாங்குவது வெள்ளி. ஆனால் விற்பவர் கொடுப்பது வெறும் வெள்ளிதானா?

ஒரு வெள்ளி நாணயத்துக்கு 3 விலை உண்டு. முதல் விலை, அதன் மேல் எழுதியிருக்கும் ரூபாய். இரண்டாவது, அதில் உள்ள வெள்ளியின் விலை. மூன்றாவது, அது எதற்காக அடிக்கப்பட்டது, எவ்வளவு அரியது, எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து வரும் விலை.

இந்த மூன்றாவது விலை, காசைப் படிக்கத் தெரிந்தவருக்கே கிடைக்கும். படிக்கத் தெரியாதவருக்கு இரண்டு வழியில் நஷ்டம். இருக்கிற மதிப்பை உலையில் போட்டுவிடுவார். அல்லது இல்லாத மதிப்பை நம்பிக் கைப்பணத்தைப் பறிகொடுப்பார்.

வெற்றியைச் சொன்ன வெள்ளி

நினைவு நாணயம் என்பது நேற்று வந்த வழக்கம் அல்ல.

விழிஞ்ஞம் ஒரு காலத்தில் ஆய் மன்னர்களின் தலைநகரம். அங்கே பாறையைக் குடைந்து செய்த சிறிய குகைக் கோயில் இன்றும் இருக்கிறது. உள்ளே வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி. வெளிச் சுவரில் சிவன், பார்வதி உருவங்கள் முற்றுப் பெறாமல் பாதியில் நிற்கின்றன.

பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகன் இந்த ஊரின் கோட்டையை வென்றதாகச் சீவரமங்கலச் செப்பேடு சொல்கிறது. அது 8-ம் நூற்றாண்டு. பிறகு வந்தவன் ராஜராஜ சோழன். கடலையே அகழியாகக் கொண்ட ஊர் என்று விழிஞ்ஞத்தை வர்ணித்து, அதைச் சோழர் படை வென்ற செய்தியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. கலிங்கத்துப்பரணியிலும் விழிஞ்ஞப் போர் பேசப்படுகிறது.

இப்போது சோழர் காசைப் பாருங்கள். புலி உட்கார்ந்திருக்கும். அது சோழர் சின்னம். அதன் பக்கத்தில் மீன் இருக்கும். அது பாண்டியர் சின்னம். வில்லும் இருக்கும். அது சேரர் சின்னம். மூன்று அரசுகளின் அடையாளமும் ஒரே காசில்! எழுத்து வாசனை இல்லாத வணிகனுக்கும், யார் யாரை வென்றார் என்பது காசைக் கையில் வாங்கியதுமே விளங்கிவிடும். அந்தக் காலத்தில் ஊர் ஊராகச் செய்தி கொண்டு போன பத்திரிகை காசுதான்.

ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் இன்னும் ஒரு படி மேலே போனான். கங்கை வரை சென்ற வெற்றிக்குப் பிறகு, ‘கங்கை கொண்ட சோழன்’ என்ற பட்டத்தையே நாகரி எழுத்தில் காசில் பொறித்தான். வெள்ளியிலும் அந்தக் காசு கிடைத்திருக்கிறது. இன்றைய வழக்கில் சொன்னால் அது ஒரு நினைவு நாணயமே.

2025-ம் ஆண்டு ஜூலை 27-ந் தேதி, கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழனுக்கு மத்திய அரசின் நினைவு நாணயம் வெளியிடப்பட்டது. பிரதமர் மோடி வெளியிட்டார். காசில் தன் வெற்றியைப் பொறித்த மன்னன், ஆயிரம் ஆண்டு கழித்துத் தானே காசுக்குப் பொருளானான்!

சங்கு முத்திரை

விழிஞ்ஞம் பின்னாளில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அதே சமஸ்தானம்தான். 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதிதான் அது தமிழ்நாட்டோடு இணைந்தது. ஆகவே நாகர்கோவில், குழித்துறை, தக்கலைப் பக்கத்துப் பழைய வீடுகளில் திருவிதாங்கூர்க் காசு கிடைப்பதில் ஆச்சரியம் இல்லை.

அந்தக் கணக்கே தனி. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு மட்டும் 28½ சக்கரம். அந்த அரைச் சக்கரத்தில்தான் இரண்டு ரூபாய்க்கும் வித்தியாசம்.

பழைய வெள்ளிச் சக்கரம் நெற்றிப் பொட்டு அளவே இருக்கும். கையால் எண்ணினால் விரல் இடுக்கில் நழுவி ஓடிவிடும். அதற்காகவே குழிக் குழியாகக் குடைந்த மரப் பலகை வைத்திருந்தார்கள். காசுகளைப் பலகையில் கொட்டி ஒரு குலுக்குக் குலுக்கினால், குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும். மீதியை வழித்துவிட்டால் கணக்குச் சரி! இந்தச் சக்கரப் பலகை இன்று சேகரிப்பாளர்கள் தேடும் பொருளாகிவிட்டது.

திருவிதாங்கூர் அரசின் சின்னம் சங்கு. அரை ரூபாய், கால் ரூபாய், பணம் ஆகிய வெள்ளிக் காசுகளில் சங்கைக் காணலாம். கடைசி மன்னர் சித்திரைத் திருநாள் பலராம வர்மா காலத்தில் வந்த அரை ரூபாய்க்கு அவர் பெயரே வந்தது. அதைச் ‘சித்திரா’ ரூபாய் என்றார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அந்தக் காசில் 1112 என்று ஆண்டு போட்டிருக்கும். அதைப் பார்த்துக் குலோத்துங்கன் காலத்துக் காசு கிடைத்துவிட்டது என்று துள்ளிக் குதிக்கக் கூடாது. அது கொல்லம் ஆண்டு. அதோடு 824 அல்லது 825-ஐக் கூட்டினால்தான் ஆங்கில ஆண்டு வரும். 1112 என்பது 1936-37. ஒரு சின்னக் கூட்டல் தெரியாததால் ஏமாந்தவர்களும் உண்டு, ஏமாற்றியவர்களும் உண்டு.

யானையா, பன்றியா?

காசின் படம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1911-ம் ஆண்டு ரூபாய் நல்ல உதாரணம்.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பட்டத்துக்கு வந்த புதிது. புது ரூபாய் அடித்தார்கள். மன்னரின் அங்கியில் தொங்கிய பதக்கத்தில் யானை உருவம். செதுக்கியவர் தும்பிக்கையைக் குட்டையாகவும் கால்களைச் சிறியதாகவும் செதுக்கிவிட்டார். மக்கள் கண்ணுக்கு அது யானையாகத் தெரியவில்லை; பன்றியாகத் தெரிந்தது! எதிர்ப்புக் கிளம்பியது. அரசாங்கம் அந்த ரூபாயை நிறுத்தியது. அடித்ததில் பெரும் பகுதி உருக்கப்பட்டது. 1912-ல் தும்பிக்கையைத் திருத்திப் புதிய அச்சில் ரூபாய் வந்தது.

இன்று 1911-க்கும் 1912-க்கும் வெள்ளி அளவில் வித்தியாசம் இல்லை. தராசில் இரண்டும் ஒன்றே. ஆனால் சேகரிப்பாளர் 1911-க்குத்தான் கூடுதல் விலை கொடுப்பார். வித்தியாசம் கடுகளவு தும்பிக்கையில் இருக்கிறது. நகைக் கடைத் தராசுக்குத் தும்பிக்கை தெரியாது.

பழைய வெள்ளி ரூபாய் ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம். 12 பங்கில் 11 பங்கு வெள்ளி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940 முதல், வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. போர் முடிந்ததும் வெள்ளி ரூபாய் அடிப்பதே நின்று, நிக்கல் ரூபாய் வந்தது. ‘ராணி காசு, ராஜா காசு எல்லாம் சுத்த வெள்ளி’ என்பது பாதி உண்மைதான். ஆண்டைப் பார்த்தே பேச வேண்டும்.

நாட்டின் கவலை, காசின் மேல்

சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயம் 1964-ல் வந்தது. நேரு மறைந்த ஆண்டு அது. அது நிக்கலில் வந்தது.

வெள்ளியில் முதல் நினைவு நாணயம் 1969-ல் வந்த காந்தி நூற்றாண்டு 10 ரூபாய். அடுத்து 1970-ல் ‘அனைவருக்கும் உணவு’ என்ற கருத்தில் தாமரையும் கதிரவனும் உள்ள 10 ரூபாய் வந்தது. 1972-ல் சுதந்திர வெள்ளி விழாவுக்கு நாடாளுமன்றக் கட்டிடம் பொறித்த 10 ரூபாய் வந்தது.

அதற்குப் பிறகு வந்த காசுகளை வரிசையாக வைத்தால், அந்தக் காலத்துச் சுவரொட்டிகளைப் பார்ப்பது போல இருக்கும். 1973-ல் ‘அதிக உணவு விளைவிப்போம்’. 1974-ல் ‘திட்டமிட்ட குடும்பம்’. 1977-ல் ‘வளர்ச்சிக்குச் சேமிப்பீர்’. 1978-ல் ‘அனைவருக்கும் உணவும் உறைவிடமும்’. 1979-ல் ‘மகிழ்ச்சியான குழந்தை நாட்டின் பெருமை’. 1980-ல் ‘கிராமப் பெண்கள் முன்னேற்றம்’.

உணவுப் பஞ்சம், மக்கள் பெருக்கம், வீட்டு வசதி... நாடு எதை நினைத்துத் தூக்கமின்றி இருந்ததோ அதுவே காசில் ஏறியது. ரேஷன் கடை வரிசையில் நின்ற தலைமுறைக்கு இந்தக் காசுகளுக்கு விளக்கவுரை தேவைப்படாது.

1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டுக்கு 100 ரூபாய் வந்தது. 1985-ல் இந்திரா காந்தி, 1989-ல் நேரு நூற்றாண்டு என்று தலைவர்கள் முகம் அதிகமாக வரத் தொடங்கியது. 1986-ல் மீன் தொழிலைப் பற்றிய காசும் வந்தது. 50 பைசாவிலும் அது இருந்ததால் சாதாரண மக்கள் கையிலும் புழங்கியது. விழிஞ்ஞம் போன்ற கரையில் வலை இழுப்பவரின் தொழிலுக்கும் நாணயத்தில் ஓர் இடம் கிடைத்தது என்பது குறிப்பிடத்தக்கது.

வயதே விலை!

2010 முதல் இன்னொரு புதுமை. யாருக்கு, எதற்குக் காசு வெளியிடுகிறார்களோ, அதன் வயதையே ரூபாயாகப் போடும் வழக்கம் வந்தது.

ரிசர்வ் வங்கியின் 75-ம் ஆண்டுக்கு 75 ரூபாய். கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட கயிறு வாரியத்தின் 60-ம் ஆண்டுக்கு 60 ரூபாய். தாகூரின் 150-ம் ஆண்டுக்கு 150 ரூபாய்.

குமாஸ்தாக்களுக்கு மிகவும் நெருக்கமானது வருமான வரித் துறையின் 150-ம் ஆண்டுக்கு வந்த 150 ரூபாய். அதில் சாணக்கியர் முகமும், தாமரைப் பூவில் ஒரு தேனீயும் இருக்கும். பூ வாடாமல் தேனை எடுப்பது போல வரி வாங்க வேண்டும் என்பது கருத்து. சம்பளத்தில் வரி பிடித்தம் போனவர்கள் அந்தத் தேனீயைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்கலாம்!

தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்தது 1,000 ரூபாய் நாணயம். இந்தியாவில் அடிக்கப்பட்ட முதல் 1,000 ரூபாய் நாணயம் அதுதான். தமிழன் கட்டிய கோயிலுக்குக் கிடைத்த பெருமை அது.

காசில் தமிழ்

இந்திய நாணயத்தில் இந்தியும் ஆங்கிலமும் இருப்பது வழக்கம். ஒரு பக்கம் அசோகர் சிங்கத் தூண், மறு பக்கம் படமும் பெயரும். காமராஜர் நூற்றாண்டுக்கு வந்த காசிலும், சி.சுப்பிரமணியம், எம்.எஸ்.சுப்புலட்சுமி, எம்.ஜி.ஆர். ஆகியோரின் நூற்றாண்டு நாணயங்களிலும் முகம் தமிழ் முகம். பெயர் எழுதியது இந்தியிலும் ஆங்கிலத்திலும்.

அறிஞர் அண்ணா நூற்றாண்டுக்கு 2009-ல் வந்த நாணயத்தில்தான் ஒரு மாற்றம். அவர் தமிழில் போட்ட கையெழுத்து அப்படியே காசில் ஏறியது. 2024-ம் ஆண்டு ஆகஸ்டு 18-ந் தேதி சென்னையில் வெளியிடப்பட்ட கலைஞர் கருணாநிதி நூற்றாண்டு 100 ரூபாய் நாணயத்தில் ‘தமிழ் வெல்லும்’ என்ற சொற்கள் தமிழிலேயே இடம் பெற்றன. ராணுவ அமைச்சர் ராஜ்நாத் சிங் அதை வெளியிட்டார்.

யாருக்கு எந்தக் கட்சி பிடிக்கும் என்பது வேறு விஷயம். கடைப் பலகையும் பஸ் பலகையும் வேறு எழுத்தில் இருக்கும் ஊரில் வாழ்கிறவர்களுக்கு, அரசாங்கக் காசில் நம் எழுத்தைப் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சி தனி.

பெரிதாக இருந்தால் வெள்ளி அதிகமா?

இல்லை. இதில்தான் பலர் தவறுகிறார்கள். கணக்கைப் பாருங்கள்:

1969-ம் ஆண்டு காந்தி 10 ரூபாய்: எடை 15 கிராம். நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. உள்ளே இருப்பது 12 கிராம்.

1972-ம் ஆண்டு சுதந்திர வெள்ளி விழா 10 ரூபாய்: எடை 22½ கிராம். நூற்றுக்கு 50 பங்கு. உள்ளே இருப்பது 11¼ கிராம்தான்.

1973-ம் ஆண்டு 20 ரூபாய்: எடை 30 கிராம். நூற்றுக்கு 50. உள்ளே 15 கிராம்.

பின்னர் நெடுங்காலம் வந்த 100 ரூபாய்: எடை 35 கிராம். நூற்றுக்கு 50. உள்ளே 17½ கிராம். மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம்.

பெரிய கோயில் 1,000 ரூபாய்: எடை 35 கிராம். நூற்றுக்கு 80. உள்ளே 28 கிராம்.

1972-ம் ஆண்டுக் காசு காந்தி காசைவிடப் பெரிது, கனம். ஆனால் வெள்ளி குறைவு! 100 ரூபாயும் 1,000 ரூபாயும் ஒரே எடை. வெள்ளியில் 10½ கிராம் வித்தியாசம். கலவையும் எல்லா ஆண்டும் ஒன்றாக இருப்பதில்லை. ஒவ்வொரு நினைவு நாணயத்துக்கும் மத்திய அரசு அரசிதழில் அறிவிப்பு வெளியிடும். எடை, விட்டம், கலவை, விளிம்பில் எத்தனை பற்கள், படம், எழுத்து எல்லாம் அதில் இருக்கும். வாங்கும் முன் அந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டால் போலியை ஒதுக்கிவிடலாம்.

எங்கே அடித்தது என்பதும் காசிலேயே இருக்கிறது. ஆண்டுக்குக் கீழே வைரக் கட்டம் இருந்தால் மும்பை. நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத். சிறு புள்ளி இருந்தால் நொய்டா. எதுவும் இல்லை என்றால் கொல்கத்தா. சென்னையிலும் முன்பு நாணயச் சாலை இருந்தது. தங்கசாலைத் தெரு என்ற பெயர் அதனால் வந்ததுதான்.

5 ரூபாயிலும் பெரிய கோயில்

வெள்ளி நினைவு நாணயங்களை வங்கிக் கவுன்டரில் தர மாட்டார்கள். மத்திய அரசின் நாணயச் சாலைகள் முன்பதிவு செய்து விற்கின்றன. காசின் மேல் 100 ரூபாய் என்று இருந்தாலும் அந்த விலைக்குக் கிடைக்காது. வெள்ளி விலை, வேலைப்பாடு, பெட்டி எல்லாம் சேர்ந்து பல மடங்கு ஆகும். கண்ணாடி போலப் பளபளக்கும் தரம் ஒன்று, சாதாரணத் தரம் ஒன்று என இரண்டு வகை உண்டு. முதல் வகைக்கு விலை அதிகம்.

மாதச் சம்பளத்தில் அதற்கு ஒதுக்க முடியாதே என்று கவலைப்பட வேண்டாம். பல நினைவு நாணயங்கள் வெள்ளியில் வரும்போது, அதே பொருளில் 5 ரூபாய் அல்லது 10 ரூபாய்க் காசும் வருகிறது. பெரிய கோயில் 5 ரூபாயில் உண்டு. காமராஜர் 5 ரூபாயில் உண்டு. அண்ணா 5 ரூபாயில் உண்டு. கேரளத்துப் புனிதை அல்போன்சா 5 ரூபாயில் உண்டு. கயிறு வாரியம் 10 ரூபாயில் உண்டு.

டீக்கடையில் மீதி வாங்கும் போது ஒரு பார்வை பார்த்தால் போதும். 5 ரூபாய்க்கு 5 ரூபாய் கொடுத்தே ஒரு தொகுப்பைச் சேர்த்துவிடலாம். வெள்ளி இல்லாவிட்டாலும் கதை இருக்கிறது. பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட மலிவான சரித்திரப் பாடம் கிடைக்காது.

லட்ச ரூபாய் வலை

இனி, மிகவும் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி.

‘வைஷ்ணவ தேவி படம் போட்ட காசு இருக்கிறதா? லட்சக்கணக்கில் வாங்குகிறோம்’ என்று செல்போனில் விளம்பரம் வரும். அந்தப் படத்தோடு 5 ரூபாயும் 10 ரூபாயும் சாதாரணப் புழக்கத்துக்கே விடப்பட்டவை. ஆனால் காசு கையில் இருப்பவருக்கு ஆசை வருமே!

காசின் படத்தை அனுப்பச் சொல்வார்கள். ‘உங்கள் காசு தேர்வாகிவிட்டது, 5 லட்சம் அனுமதி ஆகிவிட்டது’ என்பார்கள். ரிசர்வ் வங்கி முத்திரையோடு ஒரு கடிதமும் வரும். பிறகு பதிவுக் கட்டணம், கமிஷன், வரி என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். கட்டக் கட்டப் புதுக் கட்டணம் முளைக்கும். கடைசியில் காசும் விற்காது. கட்டிய பணமும் திரும்பாது.

இது பற்றி ரிசர்வ் வங்கியே 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ந் தேதி பொதுமக்களை எச்சரித்தது. பழைய நோட்டு, காசு வாங்கும் விற்கும் வேலையில் தான் ஈடுபடுவது இல்லை, அதற்காகக் கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை, தன் பெயரில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று தெளிவாகக் கூறியது.

ஒரே விதியை நினைவில் வைத்தால் போதும். உண்மையாகக் காசு வாங்குகிறவர் பணம் கொடுப்பார். பணம் கேட்க மாட்டார்.

குழி தோண்டும்போது கிடைத்தால்?

கட்டிட வேலை, சாலை வேலை செய்வோருக்கு இன்னொரு செய்தி.

2024-ம் ஆண்டு ஜூலை மாதம், கண்ணூர் மாவட்டம் செங்களாயியில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை உறுதித் திட்டப் பெண் தொழிலாளர்கள் மழைநீர்க் குழி தோண்டினார்கள். மண்ணுக்குள் ஒரு பாத்திரம் தென்பட்டது. வெடிகுண்டோ என்று முதலில் பயந்தார்கள். திறந்து பார்த்தால் தங்கப் பதக்கங்கள், முத்துகள், வெள்ளிக் காசுகள்! அவர்கள் பங்கு போட்டுக்கொள்ளவில்லை. தகவல் சொல்லிப் போலீசிடம் ஒப்படைத்தார்கள். தொல்லியல் துறையினர் ஆராய்ந்து, 17-ம் நூற்றாண்டு முதல் 19-ம் நூற்றாண்டு வரையிலான காசுகள் அதில் இருப்பதைக் கண்டார்கள். வெளிநாட்டு வாணிபத்தின் சான்றுகளும் அதில் இருந்தன.

கூலிக்குக் குழி வெட்டிய கைகள் ஒரு நாட்டின் சரித்திரத்தைக் காப்பாற்றின. மண்ணில் கிடைக்கும் புதையலை மாவட்ட கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். கேரளத்தில் இதற்கென 1968-ம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. ரகசியமாக விற்றால் கிடைப்பது உலோக விலைகூட இல்லை, வழக்கும் வரும்.

அதுபோல, இன்று செல்லுபடியாகும் இந்திய நாணயத்தை உருக்குவதையும் அழிப்பதையும் 2011-ம் ஆண்டு நாணயச் சட்டம் தடை செய்கிறது. நினைவு நாணயமும் அந்தச் சட்டத்தில் அடங்கும்.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள்!

வெள்ளி கறுப்பது காற்றில் உள்ள கந்தகத்தால். காற்றில் ஈரம் இருந்தால் இன்னும் வேகமாகக் கறுக்கும். விழிஞ்ஞம், வலியதுறை போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

கறுத்துவிட்டதே என்று புளி, சாம்பல், விபூதி, பற்பசை போட்டுத் தேய்ப்பது வீட்டு வழக்கம். குத்துவிளக்குக்கு அது சரி. காசுக்கு ஆகாது. தேய்க்கத் தேய்க்க முகத்தில் உள்ள மூக்கும், சிங்கத்தின் பிடரியும், ஆண்டின் எண்ணும் மழுங்கிப் போகும். பளபளப்பு வரும், மதிப்பு போகும். கறுப்புப் படிந்த பழைய காசைத்தான் சேகரிப்பாளர் விரும்புவார்.

காசை எடுக்கும்போது இரண்டு விரலால் விளிம்பைப் பிடிக்க வேண்டும். நடுவில் தொட்டால் வியர்வை ரேகை பதிந்துவிடும். ரப்பர் வளையம் சுற்றி வைக்கக் கூடாது. ரப்பரில் கந்தகம் இருக்கிறது. மட்டமான பிளாஸ்டிக் உறையும் ஆகாது. உலர்ந்த காகித உறையில் ஒவ்வொன்றாகத் தனித்தனியே வைத்து, ஈரம் இல்லாத இடத்தில் பூட்டி வைத்தால் போதும்.

நோட்டுப் புத்தகம் ஒன்று

சேகரிப்பதற்கு முதலில் வேண்டியது பணம் அல்ல, ஒரு நோட்டுப் புத்தகம். காசுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஆண்டு, எழுத்து, படம், எடை, நாணயச் சாலையின் குறி, யாரிடமிருந்து வந்தது என்று எழுதுங்கள். எழுதும்போதுதான் சங்கு தெரியும், தேனீ தெரியும், தும்பிக்கையின் நீளமும் தெரியும்.

விற்கவே கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டில் நோய் வந்தால், பிள்ளை படிப்பு நின்றால், காசு எதற்கு? விற்கத்தான் வேண்டும். ஆனால் அந்த நாளிலும் அவசரம் வேண்டாம். நோட்டைப் பிரித்து, உள்ளே எத்தனை கிராம் வெள்ளி என்று கணக்குப் போட்டு, அன்றைய விலையைப் பத்திரிகையில் பார்த்து, அரிய காசு என்றால் நாணயம் அறிந்த இரண்டு மூன்று பேரிடமாவது விசாரித்துவிட்டுப் போங்கள். என்ன விற்கிறோம் என்று தெரிந்து விற்பவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

நகைக் கடைத் தராசு எடையைச் சொல்லும். மற்றதைக் காசுதான் சொல்ல வேண்டும். அதைக் கேட்க ஒரு பூதக் கண்ணாடியும் பத்து நிமிட நேரமும் இருந்தால் போதும்.